இரண்டு கட்டம் போட்ட தாள்: கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியைத் திறப்பது பற்றிப் பெற்றோர் பேசியது

2020 நவம்பர் 9, திங்கட்கிழமை. தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள். காலை பத்து மணிக்கு என் பிள்ளைகள் படிக்கும் மெட்ரிக் பள்ளிக்குப் போனேன். கொரோனாவால் பள்ளி மூடி, கிட்டத்தட்ட எட்டு மாதம் கழித்து அந்த கேட்டுக்குள் கால் வைக்கிறேன். வாட்ச்மேன் நெற்றிக்கு நேராக வெப்பமானியை நீட்டினார், கையில் சானிடைசர் ஊற்றினார், ஒரு தாளைக் கொடுத்தார். மாணவர் பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், செல் நம்பர். அதற்குக் கீழே ஒரே கேள்வி: நவம்பர் 16 முதல் பள்ளியைத் திறக்கலாமா? பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம், இல்லை.

அன்று தமிழ்நாடு முழுக்க இதே கூட்டம்தான். 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை திறக்கலாம் என்று அக்டோபர் 31 அன்று அரசு அறிவித்தது. பல பக்கமிருந்தும் எதிர்ப்பு கிளம்பியதும், பெற்றோரைக் கேட்டு முடிவெடுப்போம் என்றது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றிலும் ஒரே நாளில் கருத்துக் கேட்பு.

என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. தாள் மகளுக்கு மட்டும்தான் வந்தது. மகனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்று எனக்கும் அது உறைக்கவில்லை.

அந்தக் கூட்டத்தையும் அடுத்து வந்த பதினைந்து மாதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள் என்றுதான் அப்போது பேச்சு. உள்ளே உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி இல்லை. கேட்ட கேள்விதான் எங்களை இரண்டாகப் பிரித்தது.

35 சதவீதம்

2020 மார்ச் 17-ல் தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தள்ளி வைத்து, மறுபடி தள்ளி வைத்து, கடைசியில் ஜூன் 9 அன்று ரத்து என்றார்கள். எல்லோருக்கும் தேர்ச்சி. அந்த ஜூனில் புதிய வகுப்பு செல்போனில் தொடங்கியது.

கூட இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது: கட்டணம். ஊரடங்கு நேரத்தில் பெற்றோரைக் கட்டணம் கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசு ஏப்ரலில் உத்தரவு போட்டது. தனியார் பள்ளிகள் உயர் நீதிமன்றம் போயின. ஜூலை 17 அன்று இடைக்கால உத்தரவு வந்தது: இப்போதைக்கு 40 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம், இன்னொரு 35 சதவீதத்தைப் பள்ளி திறந்து இரண்டு மாதத்துக்குள் வாங்கிக்கொள்ளலாம்.

இரு தரப்பின் கஷ்டத்தையும் பார்த்துத்தான் நீதிமன்றம் அப்படிச் சொன்னது. ஆனால் அதன் பலன் ஒன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது. பள்ளியின் வருமானம் பள்ளி திறக்கும் தேதியோடு முடிச்சுப் போடப்பட்டுவிட்டது. அதற்கப்புறம் "திறக்க வேண்டும்" என்று நிர்வாகம் எந்த நல்ல காரணத்தைச் சொன்னாலும், பாதிப் பெற்றோர் காதில் "35 சதவீதம்" என்றுதான் விழுந்தது.

பள்ளிகளின் பக்கமும் பொய் இல்லை. பல தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குப் பாதிச் சம்பளம், சிலருக்கு அதுவும் இல்லை. எங்கள் தெருவில் வேறொரு பள்ளியின் அறிவியல் மிஸ் சாயங்காலம் வீட்டு வாசலில் இட்லி மாவு விற்றார். காலையில் அதே வீட்டுக்குள் நின்று எட்டாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்துவது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும். அவரிடம் மாவு வாங்கிக்கொண்டே, பள்ளி திறக்கக் கூடாது என்று பேசிக்கொண்டு நின்ற பெற்றோரும் உண்டு. நானும் நின்றிருக்கிறேன்.

கூட்டத்தில்

பிரேயர் ஹாலில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி. கரஸ்பாண்டென்ட் சார் மைக்கில் பத்து நிமிஷம் பேசினார். கிருமிநாசினி தெளித்தாயிற்று, ஒரு பெஞ்சுக்கு ஒரு பிள்ளை, மாஸ்க் கட்டாயம். "பிள்ளைங்க பாதுகாப்புக்கு நாங்க பொறுப்பு" என்றபோது ஹாலில் ஒரு சத்தமும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு அந்த அமைதி புரியாது. 2004 ஜூலை 16 அன்று இதே ஊரில் காசிராமன் தெருவில் ஒரு தனியார் பள்ளி தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறைக் கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஹாலில் இருந்த பெற்றோரில் நிறைய பேருக்கு அப்போது இருபது, இருபத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடம் "நாங்க பொறுப்பு" என்று சொன்னால் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள இந்த ஊருக்கு முடியாது. கரஸ்பாண்டென்ட்டும் உள்ளூர்க்காரர்தான். சொன்ன கையோடு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

திருபுவனத்திலிருந்து வந்திருந்த பட்டு நெசவாளர் ஒருவர்: "வீட்ல ஒரே போன் சார். நான் எடுத்துட்டுப் போனா பிள்ளைக்கு கிளாஸ் இல்ல. வச்சுட்டுப் போனா எனக்கு வேலை இல்ல. திறந்துடுங்க."

அவருக்குப் பின்னால் இருந்த அம்மா: "எங்க மாமியாருக்கு சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்க சரி. அது வீட்டுக்குக் கொண்டு வந்துச்சுன்னா?"

ஒரு அப்பா எழுந்து நின்று மொட்டையாகவே கேட்டுவிட்டார்: "35 பர்சென்ட்டுக்காகத்தானே சார் திறக்கிறீங்க?" கரஸ்பாண்டென்ட் முகம் சிவந்துவிட்டது. "டீச்சருக்கு சம்பளம் நான் எங்கேருந்து சார் கொடுக்கறது?" என்றார். சுவர் ஓரமாக நின்ற ஆசிரியைகள் தரையைப் பார்த்தார்கள். அவர்களின் உயிருக்கும் இதில் ஆபத்து உண்டு, அவர்களுக்கு வீட்டில் பிள்ளைகளும் மாமனார் மாமியாரும் உண்டு. ஆனால் அந்தத் தாளில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. ஹாலில் மிக முக்கியமான சாட்சிகள் அவர்கள்தான். அவர்களை யாரும் பேசச் சொல்லவில்லை.

ஆந்திரா செய்தியும் வந்தது. அங்கே நவம்பர் 2-ல் திறந்து மூன்றே நாளில் 262 மாணவர்களுக்கும் சுமார் 160 ஆசிரியர்களுக்கும் தொற்று. ஒருவர் போனில் அந்தச் செய்தியை எழுந்து நின்று வாசித்தார். இன்னொருவர், "மொத்தம் எத்தனை பிள்ளைங்க போனாங்கன்னு படிங்க" என்றார். கிட்டத்தட்ட நான்கு லட்சம். ஆக ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரே எண் ஒருவருக்குத் திறக்கக் காரணம், ஒருவருக்கு மூடக் காரணம். இருவரும் சரியாகத்தான் படித்தார்கள். மாணவர் கணக்கை மட்டும் பார்த்தவர், அந்த 160 ஆசிரியர்களைத் தாண்டிப் போய்விட்டார் என்பது என் எண்ணம்.

கூட்டத்தின் திசையை மாற்றியது அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர். பதினொன்றாம் வகுப்பு மாணவியின் அம்மா. நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார், மாஸ்க்கின் கயிறு காதில் பதிந்து சிவந்திருந்தது.

"நான் திறக்க வேணாம்னு சொல்ல வரல சார். பத்தரை மணிக்கு ஒரு பிள்ளைக்கு காய்ச்சல் அடிக்குது. அதை எங்க உட்கார வைப்பீங்க? அந்த ரூமைக் காட்டுங்க. யார் கூட இருப்பாங்க? அவங்க வீட்டுக்கு யார் போன் பண்ணுவாங்க? அந்த கிளாஸ்ல இருக்கற மத்த பெத்தவங்களுக்கு எப்ப சொல்லுவீங்க?"

நான்கு கேள்வி. ஒன்றுக்கும் அன்று பதில் இல்லை. அதற்கப்புறம் மற்றவர்களும் அதே வழியில் கேட்க ஆரம்பித்தார்கள். வேனில் எத்தனை பேர்? சாப்பாட்டுக்கு மாஸ்க்கைக் கழற்றும்போது எங்கே உட்காருவார்கள்? நான் எழுந்து போய்ப் பெண்கள் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்தேன். வெளியே நான்கு குழாய். ஒன்றில் வாஷர் போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது, சோப்பு எங்கேயும் இல்லை. அடிக்கடி கை கழுவுவார்கள் என்று சற்றுமுன் மைக்கில் சொன்ன பள்ளி அது.

கடைசியில் தாளை நிரப்பும் நேரம். என் பக்கத்தில் இருந்தவர் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டுப் பின்பக்கம் எழுதினார்: வேனில் பாதிப் பேர் என்றால் அனுப்புகிறேன். நெசவாளர் "ஆம்" போட்டார், பின்பக்கம் எழுதினார்: கட்டணத்துக்குத் தவணை வேண்டும். நான் "இல்லை" போட்டேன், பின்பக்கம் குழாயையும் சோப்பையும் எழுதினேன். ஆம் போட்டவரும் இல்லை போட்டவளும் பின்பக்கத்தில் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தோம். மாலையில் மேலே போன கணக்கில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது: இத்தனை ஆம், இத்தனை இல்லை.

நவம்பர் 12 அன்று அரசு திறப்பை நிறுத்தி வைத்தது. மாறுபட்ட கருத்துகள் வந்தன என்பதே சொல்லப்பட்ட காரணம்.

ஜனவரியில் என்ன மாறியது

2021 ஜனவரி 6 முதல் 8 வரை மறுபடி கருத்துக் கேட்பு. இந்த முறை பெரும்பாலான பெற்றோர் சரி என்றார்கள். ஜனவரி 19, பொங்கல் விடுமுறை கழிந்ததும், 10, 12-ஆம் வகுப்புகள் திறந்தன.

இரண்டே மாதத்தில் மனசு எப்படி மாறியது? தொற்று குறைந்தது முதல் காரணம், அதை மறைக்கக் கூடாது. நவம்பர் கூட்டத்தின்போது மாநிலத்தில் ஒரு நாளைக்கு 2,000-க்கும் மேல் புதிய தொற்று. ஜனவரியில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பொதுத்தேர்வு நெருங்கியது இன்னொரு காரணம்.

ஆனால் கேள்வியும் மாறியிருந்தது. நவம்பரில் நான்கு வகுப்பு, ஜனவரியில் இரண்டே வகுப்பு. ஒரு அறையில் 25 பேருக்கு மேல் கூடாது. வருகை கட்டாயம் இல்லை, வீட்டிலிருந்தும் படிக்கலாம். பாடம் குறைக்கப்பட்டது. சத்து மாத்திரையும் துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். எங்கள் பள்ளியில் பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஒரு கட்டில் போட்டு, கதவில் "காய்ச்சல் அறை" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். நர்ஸ் அக்கா உள்ளே போய் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். குழாயடியில் சோப்பு, நூலில் கட்டித் தொங்கியது. ஒன்பதும் பதினொன்றும் பிறகு பிப்ரவரி 8-ல் வந்தன.

ஒரு சண்டை மட்டும் பாக்கி இருந்தது. ஒப்புதல் கடிதம். எங்கள் பள்ளி அச்சடித்துக் கொடுத்த கடிதத்தில் ஒரு வரி: "என் பிள்ளையை என் சொந்த விருப்பத்தின் பேரில், என் முழுப் பொறுப்பில் அனுப்புகிறேன்." நவம்பரில் "நாங்க பொறுப்பு" என்ற அதே நிர்வாகம். நர்ஸ் அக்கா "முழுப்" என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே "வீட்டில்" என்று எழுதினார். வீட்டில் என் பொறுப்பு. அதற்குக் கீழே "பள்ளியிலும் வேனிலும் பள்ளியின் பொறுப்பு" என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் கிளார்க் வாங்க மாட்டேன் என்றார். பின்னால் வரிசையில் நின்ற நாங்கள் பத்துப் பதினைந்து பேர் எங்கள் கடிதத்திலும் அப்படியே எழுதினோம். கரஸ்பாண்டென்ட் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாங்கிக்கம்மா" என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

அதற்கப்புறம்

ஜனவரி 19 காலையில் மகளின் யூனிஃபார்ம் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது. பத்து மாதத்தில் அவ்வளவு வளர்ந்திருந்தாள். ராத்திரியோடு ராத்திரியாக ஓரம் பிரித்து இறக்கிக் கொடுத்தது நானேதான், இருந்தும் காலையில் அது தெரிந்தது. சாயங்காலம் வந்து, "அம்மா, கணக்கு மிஸ் போர்டுல எழுதுற சத்தமே நல்லாருக்கும்மா" என்றாள். அது போதும் என்று இருந்தது.

பிப்ரவரி 25 அன்று 9, 10, 11 வகுப்புகளுக்கு மறுபடி எல்லோருக்கும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. மறுநாளே வகுப்புக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். மார்ச்சில் எங்கள் தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிகளில் தொற்று ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பியது. அம்மாபேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்கு. மார்ச் 22 முதல் 9, 10, 11 வகுப்புகள் மூடப்பட்டன. பிறகு இரண்டாம் அலை. மே மாதம் ஒரு நாள் தொற்று 36,000-ஐத் தாண்டியபோது பள்ளியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜூன் 5 அன்று பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ரத்தானது.

நவம்பரில் "வேண்டாம்" என்றவர்கள் சொன்னது பலித்துவிட்டதே என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாபேட்டைச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் பள்ளியிலும் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். நர்ஸ் அக்காவின் நாலாவது கேள்வி நினைவிருக்கிறதா, மற்ற பெற்றோருக்கு எப்போது சொல்வீர்கள் என்றாரே? அன்று பதினொன்றரை மணிக்கு எங்கள் எல்லோருக்கும் பள்ளியிலிருந்தே மெசேஜ் வந்தது. வதந்தி வந்து சேருவதற்கு முன்னால் வந்தது. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றும் மறுநாள் அவர்களே சொன்னார்கள். ஒருவரும் பதறி ஓடவில்லை.

2021 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த ஆண்டுக் கட்டணத்தைத் தவணையாக வாங்கச் சொன்னது: வருமானம் குறையாதவர்களிடம் 85 சதவீதம், குறைந்தவர்களிடம் 75. திறப்புத் தேதியோடு இருந்த முடிச்சு அவிழ்ந்தது. செப்டம்பர் 1-ல் 9 முதல் 12 வரை திறந்தபோது "காசுக்காகத்தானே" என்ற பேச்சு எங்கள் ஹாலில் எழவே இல்லை. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். பணம் தனியாகவும் பாதுகாப்பு தனியாகவும் பேசப்பட்டிருந்தால் 2020 நவம்பரிலேயே பாதிக் கசப்பு குறைந்திருக்கும்.

யாரும் கேட்காத வகுப்பு

இப்போது மகனுக்கு வருகிறேன். என்னை இதை எழுத வைத்தவன் அவன்தான்.

2020 மார்ச்சில் அவன் ஒன்றாம் வகுப்பு. 1 முதல் 8 வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ல். அதாவது மறுபடி வகுப்பறைக்குள் போனபோது அவன் மூன்றாம் வகுப்பு. பத்தொன்பது மாதத்துக்கும் மேல். இரண்டாம் வகுப்பு என்ற ஒன்று அவன் வாழ்க்கையில் ஒரு செல்போன் திரைக்குள் நடந்து முடிந்துவிட்டது.

எந்த வகுப்பை முதலில் திறப்பது என்ற விவாதம் எங்களிடம் வரவே இல்லை. பெரிய வகுப்புதான் முதலில் என்பதை அரசும் பள்ளியும் பெற்றோரும் பேசாமலே ஏற்றுக்கொண்டோம். பொதுத்தேர்வு இருக்கிறதே. எங்கள் பள்ளி கேட்டில் வருஷா வருஷம் தொங்கும் ஃபிளெக்ஸில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முகம்தான். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டப் படித்த பிள்ளைக்கு யார் ஃபிளெக்ஸ் வைப்பார்கள்?

டென்மார்க்கில் 2020 ஏப்ரல் நடுவிலேயே திறக்க ஆரம்பித்தார்கள், சின்னப் பிள்ளைகளைத்தான் முதலில் வரச் சொன்னார்கள். அது சின்ன நாடு, வகுப்புக்குப் பத்திருபது பேர், நம்மோடு ஒப்பிட முடியாது என்றால் சரி. ஆனால் நம் நாட்டிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூலையில், திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது புத்திசாலித்தனம் என்று சொன்னது. சின்னக் குழந்தைகள் இந்த வைரஸை நன்றாகவே சமாளிக்கிறார்கள் என்றது. அதே சமயம் வெளியான நான்காவது தேசியக் கணக்கெடுப்பில் 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57 சதவீதம் பேர் இரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்பணு இருந்தது. வீட்டில் பூட்டி வைத்தும் பாதிக்கு மேல் பிள்ளைகளைத் தொற்று தொட்டுவிட்டுப் போயிருந்தது. பெரிய பிள்ளைக்குப் படிக்கத் தெரியும், போன் இருந்தால் தடுமாறியாவது சமாளிக்கும். எழுத்தே தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

2021 நவம்பரில் ஒரு ராத்திரி மகனைத் தமிழ்ப் புத்தகம் வாசிக்கச் சொன்னேன். "கொக்கு" என்ற சொல்லில் நின்றான். ஒற்றைக்கொம்பைப் பார்த்து "கெ" என்றான். அடுத்து இருந்த துணைக்காலை "ர" என்று நினைத்து, "கெர... க்கு" என்றான். என் முகத்தைப் பார்த்தான். தப்பு என்று தெரிந்துவிட்டது, எது தப்பு என்று தெரியவில்லை. ஆன்லைன் வகுப்பில் மைக்கை எப்போது அணைக்க வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்று அத்தனையும் அவனுக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பில் தமிழுக்கு நல்ல கிரேடு வாங்கியிருந்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டுப்பாடம் முழுக்க நான் சொல்லச் சொல்ல எழுதியது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கிராமப்புறக் குழந்தைகளிடம் எடுக்கும் அசர் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் சுமார் 10 சதவீதம். 2022-ல் 5 சதவீதத்துக்கும் கீழே. ஏற்கெனவே குறைவாக இருந்ததில் பாதி போய்விட்டது. அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கித் தன்னார்வலர்களை வைத்து மாலை வகுப்பு நடத்தியது. அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளை நினைத்துச் செய்தது. எங்களைப் போல் கடன் வாங்கி மெட்ரிக்கில் சேர்த்தவர்கள், பணம் கட்டுகிறோமே, பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தோம்.

நவம்பர் 1 அன்று திறந்த பள்ளி, நான்காம் தேதி தீபாவளி, பிறகு மழை விடுமுறை மேல் விடுமுறை. நவம்பர் கடைசியில் சின்ன வகுப்புகளுக்கு ஒரு பெற்றோர் கூட்டம் போட்டார்கள். கொரோனா பாதுகாப்புப் பற்றித்தான் மைக்கில் பேச்சு. நான் எழுந்து, "மிஸ், பிள்ளைங்களுக்கு வாசிக்க வரல. மூணாம் வகுப்புப் பாடத்தை அப்புறம் நடத்துங்க. முதல்ல எழுத்து சொல்லிக் கொடுங்க" என்றேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது. ஹாலில் ஒவ்வொரு கையாக உயர்ந்தது: "என் பொண்ணுக்கும்தான்", "எங்க வீட்லயும் அதே". ஒருவருக்கொருவர் சொல்ல வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்திருந்தோம்.

தமிழ் மிஸ் அன்று முதல் முறையாக எழுந்து பேசினார். "எனக்குத் தெரியும் மேடம். முதல் நாளே தெரிஞ்சுடுச்சு. யாரும் கேட்கலையேன்னு இருந்தேன்."

மறுநாளிலிருந்து மூன்றரை மணிக்குப் பெல் அடித்ததும் வராந்தாவில் பன்னிரண்டு பிள்ளைகள் அரை மணி நேரம். உயிர்மெய் அட்டை, ஸ்லேட்டு. பொங்கலுக்குள் மகன் "கொக்கு" படித்துவிட்டான், "கோழி"யில் தடுக்கினான். அதற்குள் ஒமைக்ரான் வந்து ஜனவரியில் பள்ளி மறுபடி மூடியது. 2022 பிப்ரவரி 1 காலையில் திறந்தபோது கேட்டில் தாளும் இல்லை, கட்டமும் இல்லை. சாயங்காலம் கூட்டி வரப் போனேன். வராந்தாவில் பன்னிரண்டு பேர் இப்போது பத்தொன்பது பேராகியிருந்தார்கள். மிஸ் "கொ"விலிருந்து மறுபடி ஆரம்பித்துக்கொண்டிருந்தார்.